தொடரைப் பார்த்தவர்களும் படிக்க வேண்டிய டைம் டிராவல் நாவல்

“டிவி தொடரை ஒட்டி எழுதிய டைம் டிராவல் நாவல்களில் உருப்படியாக ஏதாவது உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடமும் யாரோ “அதான் தொடரையே பார்த்தாச்சே, புத்தகம் எதற்கு” என்று சொல்லியிருப்பார்கள் போல. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பதில், டேவிட் விட்டேக்கரின் ‘டாக்டர் ஹூ அண்ட் த டாலெக்ஸ்’. முதலில் 1964-ல் வேறொரு நீளமான பெயரில் வந்தது. 1973-ல் டார்கெட் பதிப்பகம் இந்தப் பெயரில் பேப்பர்பேக் போட்டது. ‘டாக்டர் ஹூ’ என்பது, டாக்டர் என்ற மர்மமான ஆசாமி காலத்தில் பயணம் செய்யும் பிபிசி டிவி தொடர். அதில் டெர்ரி நேஷன் எழுதி, ஏழு பகுதிகளாக வந்த கதை இது. விட்டேக்கர் அந்தத் தொடரின் முதல் ஸ்டோரி எடிட்டர்.

அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தபோது இதைப் படித்தேன். பார்க்க வந்த சித்தப்பா அட்டையைப் பார்த்துவிட்டு, “இந்த வயசுல ரோபோ கதையா? வேற வேலை இல்லையாப்பா?” என்றார். நாலு பேர் முன்னால் சொன்னதால் சுருக்கென்றது. அவர் போனதும் அப்பா, “என்ன கதைடா அது, சொல்லு” என்றார்.

சொன்னேன். தொடரில் இயனும் பார்பராவும் ஒரே பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், தங்கள் மாணவி சூசனைப் பின்தொடர்ந்து போய் டாக்டரின் கால இயந்திரத்தில் மாட்டிக்கொள்வார்கள். நாவலில் அதெல்லாம் இல்லை. லண்டன் பார்ன்ஸ் காமனில் கண் தெரியாத மூடுபனி. இயன் தனியாகக் காரில் வருகிறான். வழியில் ஒரு லாரி விபத்து, அங்கிருந்து தப்பி வரும் பார்பரா. முன்பின் தெரியாத இரண்டு பேர். முழுக்கதையையும் இயனே ‘நான்’ என்று சொல்வதால், டாக்டரை நம்பலாமா என்று அவனுக்கு வரும் சந்தேகம் நமக்கும் வருகிறது. டாக்டர் ஒன்றும் அதில் சாதுக்கிழவர் இல்லை. இயந்திரக் கூட்டுக்குள் வாழும் டாலெக்குகளின் நகரத்தைச் சுற்றிப் பார்க்கும் ஆசையில், கால இயந்திரத்துக்குப் பாதரசம் வேண்டும் என்று பொய் சொல்லி எல்லோரையும் ஆபத்தில் இழுத்துவிடுபவர். மறுநாள் ஊசி போட நர்ஸ் வருவதற்குள் அப்பா கேட்டது: “அந்தக் கிழவன் பொய் சொன்னது தெரிஞ்சுதா, இல்லையா?”

இதைவிட நல்ல விமர்சனம் எனக்குத் தெரியாது.

இலக்கியம் இல்லை என்று சிலர் வருவீர்கள். நான் இதைப் பெரிய செவ்வியல் படைப்புகளோடு ஒப்பிடவில்லை. அதே கிரகத்தில் வாழும் ‘தால்’ என்ற அழகான இனத்தார் நல்லவர்கள், உருக்குலைந்த டாலெக்குகள் கெட்டவர்கள் என்ற பிரிப்பு எனக்கும் உறுத்துகிறது. ஆனால் வீட்டில் வீடியோ இல்லாத காலம் அது. பிபிசியே பல பழைய டாக்டர் ஹூ டேப்களை அழித்துவிட்டது. இந்தக் கதையின் ஏழு பகுதிகளும் தப்பிவிட்டன என்றாலும், தப்பாத கதைகளை ஒரு தலைமுறைக்குக் கொண்டு சேர்த்தவை இப்படிப்பட்ட நாவல்கள்தான். மட்டம் என்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். 1973 பதிப்பின் அட்டை கிறிஸ் அக்கிலியோஸ் வரைந்தது, தொடரில் டாக்டராக நடித்த ஹார்ட்னெலின் முகம் புள்ளி புள்ளியாக. நான் வாங்கிய பழைய புத்தகக் கடையில் அந்தக் கன்னத்தின் மேலேயே விலை ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். நகத்தால் மெதுவாக உரித்தும் தாளோடு பிய்ந்து வந்துவிட்டது. கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து விலையை உள்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்.