மார்கனைக் காப்பாற்றியது மரமா?

கேள்வி: இங்கிலாந்தின் மார்கன் கம்பெனி நூறு வருடத்துக்கு மேலாக மரத்தில் சேஸிஸ் அமைத்துக் கார் செய்கிறது. பழமையை விடாமல் பிடித்துக்கொண்டதால்தானே அந்தச் சின்ன கம்பெனி பிழைத்தது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இல்லை. சேஸிஸ், அதாவது காரைத் தாங்கும் அடிச்சட்டம், மரமே அல்ல. நான்கு சக்கர கார் வந்த 1936-லிருந்து 2020 வரை எஃகு சேஸிஸ் ஓடியது, இப்போது அலுமினியம். பாடிக்கு உள்ளே இருக்கும் கூடுதான் ஆஷ் மரம். பின்சக்கர வளைவுக்கு மெல்லிய பலகைகளைப் பசை தடவி அடுக்கி, அச்சில் வைத்து வளைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கிக் காயவிடுவார்கள். மால்வெர்ன் தொழிற்சாலையில் இது கைவேலை. பார்க்க அழகுதான். ஆனால் சின்ன கார் கம்பெனியின் முதலீட்டையெல்லாம் விழுங்குவது பாடி அல்ல, என்ஜின்.

அந்த என்ஜினை மார்கன் விலைக்கு வாங்கியது. 1909-ல் ஹெச்.எஃப்.எஸ். மார்கன் செய்த முதல் மூன்று சக்கர வண்டியிலேயே பியூஜோ என்ஜின். அப்புறம் ஜே.ஏ.பி., ஃபோர்டு, ஸ்டாண்டர்ட், டிரையம்ஃப், ரோவர், பி.எம்.டபிள்யூ. என்று கடை மாறிக்கொண்டே வந்தது.

இதில் ஸ்டாண்டர்டின் கதையைக் கவனியுங்கள். வண்டலூர் பக்கம் ஹெரால்டு கார் செய்தார்களே, அதன் மூலக் கம்பெனி இதுதான். 1950-ல் மார்கனுக்குத் தங்கள் வான்கார்டு காரின் என்ஜினைக் கொடுத்தவர்கள், கம்பெனியையே விலைக்குக் கேட்டார்கள். மார்கன் குடும்பம் மறுத்துவிட்டது. கேட்ட ஸ்டாண்டர்ட், தன்னிடம் இருந்த டிரையம்ஃபையும் சேர்த்து, 1961-ல் லேலண்டின் கைக்குப் போனது. இன்று ஸ்டாண்டர்ட் காரும் இல்லை, டிரையம்ஃப் காரும் இல்லை. 1968 முதல் வி8 என்ஜின் கொடுத்த ரோவரும் 2005-ல் கவிழ்ந்தது. அதற்குள் மார்கன் பி.எம்.டபிள்யூ. பக்கம் போயிருந்தது.

பழமைப் பிடிவாதம் என்கிறீர்கள். பேர் வாங்கித் தந்த மூன்று சக்கர வண்டியையே 1952-ல் நிறுத்தியவர்கள் இவர்கள். 1963-ல் ஃபைபர் பாடியில் பிளஸ் ஃபோர் பிளஸ் என்று ஒரு கார் விட்டார்கள். வாங்க ஆளில்லை, 26 வண்டிகளோடு முடித்துக்கொண்டார்கள். மரக்கூடு நீடித்ததற்குக் காரணம், வாடிக்கையாளர் அதைக் கேட்டதுதான்.

1990-ல் பி.பி.சி. நிகழ்ச்சிக்காக வந்த ஐ.சி.ஐ. ரசாயனக் கம்பெனியின் முன்னாள் தலைவர் ஜான் ஹார்வி-ஜோன்ஸ், உற்பத்தியைப் பெருக்கச் சொன்னார். பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள் மக்கள். அப்படியும் அவர் சொன்ன வேகத்துக்கு மார்கன் குடும்பம் இணங்கவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். சந்தை படுத்தாலும் பட்டறைக்கு வேலை கொடுப்பது அந்தக் காத்திருப்புப் பட்டியல்தான்.

2019-ல் பெரும்பான்மைப் பங்கு ஓர் இத்தாலிய முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. 2022-ல் வந்த சூப்பர் 3 மூன்று சக்கர வண்டிக்கு அலுமினிய மோனோகாக் உடல், அதாவது தனிச் சேஸிஸ் இல்லாமல் உடலே பாரத்தைத் தாங்கும் அமைப்பு. அதன் என்ஜினும் ஃபோர்டிடம் வாங்கியதுதான்.