ரேடியேஷன் கொடுத்தால் குழந்தையின் பல்லில் அடைத்தது பெயர்ந்துவிடுமா?

கேள்வி இது: ஆறு வயதுக் குழந்தைக்குக் கன்னத்துக்குள் கட்டி. கீமோ போய்க்கொண்டிருக்கிறது, அடுத்த மாதம் முகத்துக்கு ரேடியேஷன். நான்கு கடைவாய்ப் பற்களில் ஏற்கெனவே சொத்தை அடைத்திருக்கிறது, இன்னொன்றுக்கு ஸ்டீல் கேப். கதிர் பட்டால் இவை கெட்டுப்போகுமா? முன்கூட்டியே எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டுமா?

குழந்தைகளுக்குப் பல் பார்ப்பது என் தொழில். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள். அவர்களுடைய அம்மா அப்பாக்கள் ஏறக்குறைய எல்லோருமே இதைக் கேட்டிருக்கிறார்கள். கதிர் பட்ட இடத்தில் ஃபில்லிங் உருகும், வெடிக்கும், கழன்று தொண்டைக்குள் போகும் என்றெல்லாம் பயம். அப்படி எதுவும் நடப்பதில்லை.

கணக்குப் பார்த்தால் புரியும். இந்த மாதிரிக் கட்டிகளுக்குக் குழந்தைகளுக்கு மொத்தமாகக் கொடுப்பது பெரும்பாலும் 40, 50 கிரே (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு). சிலவற்றுக்கு 60-ஐத் தொடும். அதுவும் ஒரே மூச்சில் இல்லை, நாளுக்கு 1.8 கிரே அளவில், வாரம் ஐந்து நாள், ஐந்தாறு வாரம். பிளாஸ்டிக் ஊசிக்குழல் மாதிரியான பொருள்களில் கிருமி இல்லாமல் செய்யத் தொழிற்சாலையில் வழக்கமாகக் கொடுக்கும் காமா கதிர் எவ்வளவு தெரியுமா? 25,000 கிரே. அதைத் தாங்கிக்கொண்டுதான் ஊசிக்குழல் நம் கைக்கு வருகிறது. பல் நிறத்தில் அடைக்கும் காம்போசிட்டும் ஒரு வகைப் பிசின்தான். கிளாஸ் அயனோமர் என்பது கண்ணாடித் தூள் சேர்ந்த சிமென்ட். சில்வர் ஃபில்லிங்கும் ஸ்டீல் கேப்பும் உலோகம். இவை எதற்கும் 50 கிரே ஒரு பொருட்டில்லை.

பல்லுக்கு அப்படிச் சொல்ல முடியாது. பல்லின் வெளி ஓடு எனாமல், அதற்கு உள்ளே இருப்பது டென்டின். டென்டினுக்குள் கொலாஜன் என்ற புரத நார் இருக்கிறது; கதிர் அதைச் சிதைக்கும். எனாமலும் டென்டினும் சேரும் இடம் பலவீனமாகிறது என்றும், ரேடியேஷன் முடிந்த பல்லில் புதிதாக ஒட்டும் காம்போசிட்டுக்குப் பிடி குறைகிறது என்றும் சில ஆய்வகச் சோதனைகள் காட்டின. வேறு சில சோதனைகளில் வித்தியாசமே தெரியவில்லை. இதை வைத்துப் பெரிய முடிவுக்கெல்லாம் நான் போவதில்லை. ஒட்ட வேண்டியது இருந்தால் முதல் கதிர் விழுவதற்கு முன்பே ஒட்டிவிடுவேன், அவ்வளவுதான்.

உண்மையில் ஃபில்லிங்குக்கு எமன் வருவது எச்சில் வழியாக. காதுக்குக் கீழே இருக்கும் பரோட்டிட் சுரப்பியும் தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பிகளும் கதிர் படும் இடத்துக்குள் வந்துவிட்டால், முதல் வாரத்திலேயே எச்சில் குறைய ஆரம்பிக்கும். மிச்சம் இருப்பதும் கெட்டியாக, நூல் நூலாக வரும். நம் எச்சில் சும்மா ஈரத்துக்கு இல்லை. சாப்பிட்ட பிறகு வாயில் உண்டாகும் அமிலத்தை அடக்குவது அதுதான். எனாமலில் கரைந்த சுண்ணாம்புச் சத்தைத் திரும்பப் படிய வைப்பதும் அதுதான். எனாமல் கரையத் தொடங்குவது பிஎச் 5.5 வாக்கில் (பிஎச் குறையக் குறைய அமிலம் அதிகம்). எச்சில் வற்றிய வாய் அந்த அளவுக்குக் கீழே போனால் மேலே ஏற நெடுநேரம் எடுக்கும். சொத்தைக் கிருமிகளுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? போதாக்குறைக்கு, வாய்ப்புண் வந்து பிள்ளை பிரஷ்ஷைக் கண்டாலே அழும். நாம் கொடுக்கும் சிரப்புகளில் பாதி சர்க்கரைப் பாகு.

ஏழு வயதுப் பையன் ஒருவன். ரேடியேஷனுக்கு முன்னால் மூன்று பற்களை நானே அடைத்தேன். எட்டு மாதம் கழித்து வந்தபோது அடைத்தது மூன்றும் அப்படியே இருந்தன. சுற்றியிருந்த பல்தான் இல்லை. ஈறு ஓரத்தில் பழுப்பாகக் கரைந்து, மண் அரித்த கரையில் கல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்குமே, அப்படி. சாதாரணச் சொத்தை கடைவாய்ப் பல்லின் குழியிலோ இரு பற்களின் இடுக்கிலோ தொடங்கும். ரேடியேஷனுக்குப் பிறகு வருவது ஈறு ஓரம், முன்பல்லின் நுனி, கடைவாய்ப் பல்லின் மேடு என்று, வழக்கமாகச் சொத்தையே வராத இடங்களைப் பிடிக்கும். அதனால் குழியை மட்டும் அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

அந்தப் பையனுக்குப் பிறகு, பெரிதாகச் சொத்தை இருக்கும் பால் கடைவாய்ப் பல்லை நான் ஃபில்லிங்கோடு விடுவது குறைந்துவிட்டது. முழுப் பல்லையும் மூடும் ஸ்டீல் கேப் போட்டுவிடுகிறேன். பால் பல்லின் எனாமல் நிலையான பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதிக் கனம்தான், அதனால் அரிப்பு வேகமாக உள்ளே போகும். கேப் போட்டால் அரிப்பதற்கு வெளியே அதிகம் மிச்சம் இருக்காது. உங்கள் குழந்தைக்குப் போட்டிருக்கும் கேப் இந்தக் கணக்கில் நல்லதுதான்.

ஆனால் உலோகம் என்பதால் ரேடியேஷன் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். இரண்டு காரணம். திட்டமிடுவதற்கு எடுக்கும் சிடி ஸ்கேனில் உலோகம் கோடு கோடாகப் படத்தைக் கெடுக்கும். அப்புறம், கதிர் உலோகத்தில் பட்டுச் சிதறி, அதை ஒட்டியிருக்கும் கன்னத்தின் உள்தோலுக்கும் நாக்குக்கும் கூடுதலாகப் போகும். அந்த இடத்தில் புண் அதிகமாகும். இந்தச் சிதறல் சில மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அதனால் பல்லுக்கும் கன்னத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்தாலே பெரும்பகுதி அடங்கிவிடும். அதற்காக ஒரு நல்ல கேப்பைப் பிடுங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். தலைப் பகுதியில் அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டியிருந்தால் மட்டும் பேச்சு வேறு: ஸ்டீல் அங்கே பெரிய கறுப்பு ஓட்டையாக விழும், கட்டி இருக்கும் இடத்தையே மறைத்துவிடலாம். முடிவை அந்த டாக்டரும் பல் டாக்டரும் சேர்ந்து எடுக்கட்டும். கேப்பை எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

மற்ற நான்கு ஃபில்லிங்கும் எந்தப் பொருள் என்று அடைத்தவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிளாஸ் அயனோமர் என்றால் ஒரு சங்கடம். அது ஃபுளோரைடு கசியவிடும், சுற்றியுள்ள பல்லைக் காக்கும். ஆனால் ஈரம் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். வறண்ட வாயில் காய்ந்து, விரிசல் விட்டு, மெல்லத் தேயும். காம்போசிட் தேயாமல் நிற்கும், ஆனால் ஓரத்தில் சொத்தை புகுந்துவிடும். இரண்டில் எது என்றால், தேய்ந்தாலும் பரவாயில்லை, மறுபடி பூசிக்கொள்ளலாம் என்று அயனோமர் பக்கம்தான் நான் சாய்வேன்.

இதில் நான் செய்த தப்பு ஒன்றும் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், அயனோமர் அடைத்த ஒரு குழந்தைக்கு அமிலம் கலந்த ஃபுளோரைடு ஜெல் வைத்துவிட்டேன். நல்லதென்று நினைத்துத்தான். அந்த அமிலம் சிமென்டையே கரைக்கும். சில மாதத்தில் ஃபில்லிங் சொரசொரவென்று குழி விழுந்துவிட்டது. ஜெல் எழுதிக் கொடுத்தால் அமிலமில்லாத சோடியம் ஃபுளோரைடு தானா என்று கேளுங்கள். ஆறு வயதுக் குழந்தை விழுங்கிவிடும் என்பதால், பல் டாக்டரிடமே 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூசுவதுதான் எனக்குப் பிடித்த வழி. வீட்டில் 1000 பிபிஎம் அல்லது அதற்கு மேல் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், பட்டாணி அளவு. புண் இருக்கும் வாரங்களில் புதினா வாசனையும் நுரையும் எரியும். நுரைக்காத, வாசனை இல்லாத பேஸ்ட் கிடைத்தால் பிள்ளை வாயைத் திறக்கும்.

இனி நாள் விஷயம், இதுதான் அவசரம். அடுத்த மாதம் என்றால் இந்த வாரமே பல் டாக்டரைப் பாருங்கள். அசையும் ஃபில்லிங்கை மாற்றுவது, கூரான ஓரத்தை மழுக்குவது, எல்லாம் கீமோவின் இரு சுற்றுகளுக்கு இடையே, வெள்ளணுவும் தட்டணுவும் மீண்டு வந்த நாளில்தான் செய்ய முடியும். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் புண் ஆற இரண்டு மூன்று வாரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் கதிர் பட்ட தாடை எலும்பு சரியாக ஆறாது. நரம்புவரை போன பால் பல்லுக்கு வழக்கமாக வேர் சிகிச்சை செய்து காப்பாற்றுவோம். கீமோவில் இருக்கும் பிள்ளைக்கு நான் உட்படப் பலரும் பிடுங்கிவிடவே சொல்வோம். எதிர்ப்புச் சக்தி இல்லாத நேரத்தில் பல் வேரில் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. பால் பல் எப்படியும் விழத்தானே போகிறது என்று சொத்தையை விட்டுவைக்காதீர்கள்: பின் கடைவாய்ப் பால் பல் விழ 10, 12 வயதாகும், அதுவரை அது அந்த வறண்ட வாயில் இருக்க வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று தள்ளினாலும் சிக்கல். தாடைத் தசை இறுகி வாய் இரண்டு விரல்கூடத் திறக்காமல் போனால், கடைவாயில் ஃபில்லிங் வைக்க எனக்குக் கையே போகாது.

ரேடியேஷன் டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: எந்தப் பக்கத்துப் பரோட்டிட் எவ்வளவு வாங்கப்போகிறது? பெரியவர்களுக்குச் சராசரி 26 கிரேக்குள் நின்றால் எச்சில் ஓரளவு திரும்பும் என்பது பழகிய கணக்கு. கட்டி ஒரு பக்கம் என்றால் மறுபக்கச் சுரப்பி தப்பிக்க வாய்ப்பிருக்கிறது. அப்படியானால் நான் மேலே பயமுறுத்தியதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: வயிற்றுக்கோ காலுக்கோ ரேடியேஷன் என்றால், கதிரால் ஃபில்லிங்குக்கு ஒன்றும் ஆகாது.

நீங்கள் கேட்காத ஒன்று. ஆறு வயதில் பின்னால் முளைக்கும் முதல் நிலையான கடைவாய்ப் பல்லின் வேர் முடிய 9, 10 வயதாகும். கதிர் அந்த இடத்தில் பட்டால் வேர் குட்டையாகவே நின்றுவிடலாம். இன்னும் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பற்கள் சிறுத்தோ எனாமல் குறைந்தோ வரலாம், சில வராமலே போகலாம். இதை ஃபில்லிங்கால் தடுக்க முடியாது. முளைத்திருக்கும் அந்தப் பல்லின் குழிகளை இப்போதே சீலன்ட் வைத்து மூடச் சொல்லுங்கள். சிகிச்சைக்கு முன் முழுத் தாடை எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் யாராவது பல்லுக்குக் கம்பி கட்டலாம் என்று சொன்னால், அன்றைக்குப் புதிதாக ஒரு எக்ஸ்ரே எடுத்து வேர் எவ்வளவு நீளம் வந்திருக்கிறது என்று பார்த்த பிறகு கட்டட்டும்.