எம்25 நெடுஞ்சாலையில் வேக வரம்பு அடிக்கடி மாறுகிறதே, யார் மாற்றுகிறார்கள், எதற்காக?

பெரும்பாலும் கணினிதான். லண்டனைச் சுற்றும் எம்25இன் மேற்குப் பகுதியில் 1995இல் இந்த முறை தொடங்கியது. சாலைக்கு அடியில் பதித்த கம்பிச் சுருள்கள், ஒவ்வொரு தடத்திலும் எத்தனை வண்டிகள் என்ன வேகத்தில் போகின்றன என்று கணக்கெடுக்கின்றன. எண்ணிக்கை குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் சாலைமேல் உள்ள மின்பலகையில் மணிக்கு 70 மைல் வரம்பு 60 ஆகும்; நெரிசல் கூடினால் 50, 40. விபத்து, பழுதான வண்டி என்றால் கட்டுப்பாட்டு அறையினர் தாங்களே மாற்றுவார்கள்.

வேகத்தைக் குறைத்தால் நெரிசல் எப்படிக் குறையும்? நெருக்கமாக ஓடும்போது ஒருவர் பிரேக் மிதித்தால், பின்னால் வருபவர் இன்னும் அழுத்தி மிதிப்பார். அந்த அலை பின்னோக்கிப் பரவி, கடைசியில் காரணமே தெரியாமல் எல்லோரும் நிற்பார்கள். தடங்கள் எல்லாம் ஒரே சீராக ஓடினால் இந்த அலை எழுவது குறைகிறது. தடம் மாறும் அவசரமும் அடங்குகிறது. "காலிச் சாலையில் எதற்கு 50?" என்று திட்டுபவருக்கு, சில மைல் தள்ளி நிற்கும் வரிசை தெரிவதில்லை. வரிசை கலைந்த பிறகும் பலகை மாறாமல் கிடந்தால் மட்டும் அந்தக் கோபம் நியாயம்தான்.

சிவப்பு வளையத்துக்குள் எண் இருந்தால் அது சட்டம், கேமரா பிடிக்கும். வளையம் இல்லையென்றால் அறிவுரை மட்டுமே.