இடப்பக்கம் எத்தனை, வலப்பக்கம் எத்தனை: துகள் முடுக்கி பற்றிச் சில கேள்விகள்

போன மாதம் செம்பூரில் ஒரு வளைகாப்புக்குப் போன இடத்தில் யாரோ என் வேலையைப் பற்றிக் கேட்க, வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் பன்னிரண்டு வருடம் போலரைஸ்டு புரோட்டான் பீமோடு (துகள் முடுக்கியில் வேகமேற்றி விடுகிற புரோட்டான் கற்றை) மல்லுக்கட்டியவன் என்று சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து மும்பைத் தமிழ் நண்பர்களின் கேள்விகள் நிற்கவில்லை. தனித்தனியாகப் பதில் எழுதி மாளாது, இங்கேயே சேர்த்துப் போட்டுவிடுகிறேன்.

மாட்டுங்கா, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: சார், போலரைஸ்டு என்றால் கூலிங் கிளாஸில் எழுதியிருக்குமே, அதுவா?

பெயர்தான் ஒன்று, சங்கதி வேறு. ஒவ்வொரு புரோட்டானுக்கும் ஸ்பின் என்று ஒரு குணம் உண்டு. பம்பரம் மாதிரி என்பார்கள், ஆனால் உருண்டை ஒன்று நிஜமாகவே சுற்றுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு திசையைக் காட்டும், அளந்தால் மேலே அல்லது கீழே என்று இரண்டில் ஒரு விடைதான் வரும். சாதாரண பீமில் பாதிக்குப் பாதி. அந்தச் சமநிலையைக் குலைத்து ஒரு பக்கம் சாய்த்துவிட்டால் போலரைஸ்டு. செம்பூர் ஸ்டேஷனில் 100 பேர் நிற்கிறார்கள், 75 பேர் சிஎஸ்எம்டிக்கு, 25 பேர் பன்வெலுக்கு என்று வையுங்கள். போலரைசேஷன் 75 சதவீதம் இல்லை சார், 50. கழித்துத்தான் கணக்கு.

டோம்பிவிலி, பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி: அதை வைத்து என்னதான் அளப்பீர்கள், அண்ணா?

எண்ணுவோம், அவ்வளவுதான். ஒரு மெல்லிய கார்பன் தகட்டில் பீமை விடு, இடப்பக்கம் ஒரு டிடெக்டர் (வந்து விழும் துகளை உணரும் கருவி), வலப்பக்கம் அதே கோணத்தில் இன்னொன்று. அணுக்கரு விசை ஸ்பின்னைப் பார்த்து நடந்துகொள்ளும், அதனால் சிதறுகிற புரோட்டான்கள் ஒரு பக்கம் கூடுதலாகப் போகும். பீமின் போலரைசேஷன் 0.6, அந்த வினையின் அனலைசிங் பவர் (போலரைசேஷன் முழுசாக இருந்தால் எவ்வளவு இடவல வித்தியாசம் வரும் என்ற அளவு) 0.4 என்றால் பெருக்கினால் 0.24. அதாவது இரண்டு டிடெக்டரிலும் சேர்த்து 1000 விழுந்தால் 620 ஒரு பக்கம், 380 மறு பக்கம்.

கேட்க சுலபம். ஆனால் அந்த வித்தியாசம் ஸ்பின்னால் வந்ததா, உன் சாதனத்தின் கோணலால் வந்ததா என்பதில்தான் வயிற்றெரிச்சல் எல்லாம். சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி ஷிப்ட் முழுக்க, வரவே கூடாத இடத்தில் 2 சதவீத வித்தியாசம் வந்துகொண்டே இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை, விடியும்வரை கிராப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். காலையில் வந்த டெக்னீஷியன் கேமராவில் குவார்ட்ஸ் துண்டின் மேல் ஒளிர்கிற பீம் புள்ளியை ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுகிறதே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். சின்னக் கோணங்களில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே சில சதவீதம் பொய் வித்தியாசம் வந்துவிடும்.

அதனால்தான் சில நொடிகளுக்கு ஒருமுறை அயனி மூலத்திலேயே, அதாவது பீம் பிறக்கிற இடத்திலேயே, ஸ்பின்னைத் தலைகீழாக மாற்றிக்கொண்டே இருப்போம். பீம் விழுகிற இடம் மாறாது, டிடெக்டர் மாறாது, ஸ்பின் மட்டும் மாறும். நிஜமான வித்தியாசம் பக்கம் மாறும், கோணலால் வந்தது இருந்த இடத்திலேயே நிற்கும். மேல் ஸ்பின்னுக்கு இடப்பக்கம் வந்த எண்ணிக்கையையும் கீழ் ஸ்பின்னுக்கு வலப்பக்கம் வந்ததையும் பெருக்கி வர்க்கமூலம் எடு, எதிர் ஜோடிக்கும் அப்படியே செய், பிறகு ஒப்பிடு. டிடெக்டர்களின் திறன் வேறுபாடு தானாக அடிபட்டுப் போகும்.

அதே மாணவி: போலரைசேஷன் குறைந்தால் கூடுதல் நேரம் ஓட்டினால் போதாதா?

போதும், ஆனால் பாதியாகக் குறைந்தால் இரண்டு மடங்கு நேரம் என்று நினைத்துவிடாதே. நான்கு மடங்கு. பீம் டைம் (முடுக்கியை நமக்கென்று ஒதுக்கும் நேரம்) கேட்டு விண்ணப்பம் எழுதும்போது இது உறைக்கும்.

கொலாபா, டாக்ஸி நிறுவனம் நடத்துபவர்: இங்கே டிஐஎஃப்ஆர் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) வளாகத்தில் ஒரு கோபுரம் தெரிகிறதே, அதுவும் இதுதானா?

அது பாபா அணு ஆராய்ச்சி மையமும் டிஐஎஃப்ஆரும் சேர்ந்து நடத்தும் பெல்லட்ரான் என்கிற முடுக்கி, 1980களின் கடைசியிலிருந்து ஓடுகிறது. நைலான் இணைப்பால் கோத்த உலோக உருளைகளின் சங்கிலி ஒன்று மின்னூட்டத்தைச் சுமந்து சுமந்து நடுவிலுள்ள முனையத்தை 1 கோடி வோல்ட்டுக்கும் மேலே ஏற்றும், பொறி பறக்காமல் இருக்கச் சுற்றிலும் சல்பர் ஹெக்ஸாபுளோரைடு வாயு. ஒரே டிக்கெட்டில் இரண்டு ஷோ அங்கே: எதிர் அயனியாக உள்ளே போனதை முனையம் இழுக்கும், அங்கே கார்பன் படலம் எலக்ட்ரான்களை உரித்துவிடும், நேர் அயனி ஆனதும் அதே முனையம் வெளியே தள்ளும். முனையம் 12 மெகாவோல்ட், ஆக்சிஜன் ஒரு எலக்ட்ரான் கூடுதலாக உள்ளே போய், 7 நேர் மின்னூட்டத்தோடு வெளியே வருகிறது என்றால் போகையில் 1, வருகையில் 7, ஆக 8 பெருக்கல் 12, 96 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். அதற்கும் மேலே வேண்டுமென்றால் மீக்கடத்தி லினாக் (நேர்கோட்டு முடுக்கி) தூக்கிவிடும். வழக்கமாக அங்கே ஓடுவது போலரைஸ் ஆகாத பீம்தான். போலரைஸ் செய்ய அணுக்கற்றையை ஆறுமுனைக் காந்தத்தில் விட்டு ஸ்பின்படி பிரித்தெடுக்கிற மாதிரி ஒரு தனி மூலம் வேண்டும், அது வேறு சமையல்.

நவி மும்பை, ஐடி ஊழியர்: சைபீரியப் பாம்பு என்று ஒரு கருவி இருக்கிறதாமே, நிஜமா?

நிஜம்தான், எனக்கு ரொம்பப் பிடித்த கருவி அது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்து ரிக் முடுக்கியில் வளையம் 3.8 கிலோமீட்டர். 255 கிகா எலக்ட்ரான் வோல்ட்டில் (ஒரு கிகா ஆயிரம் மெகா) ஒரு புரோட்டான் ஒரு சுற்று வருவதற்குள் அதன் ஸ்பின் 487 தடவை சுழன்றுவிடும். காந்தங்களில் இருக்கிற சின்னச் சின்னப் பிழையெல்லாம் அந்தச் சுழற்சியோடு தாளம் சேர்ந்துவிட்டால் போலரைசேஷன் காலி. சின்ன வயதில் தட்டாமாலை சுற்றித் தலை கிறுகிறுத்ததும், மறுபக்கம் சுற்றிச் சரிசெய்வோமே, அந்த யோசனைதான். முறுக்கிய காந்தங்கள் ஸ்பின்னை 180 டிகிரி புரட்டிவிடும், முன்பாதியில் சேர்ந்த பிழை பின்பாதியில் கழியும். யோசனை நோவோசிபிர்ஸ்கின் டெர்பெனெவ், கொண்ட்ராட்டென்கோ இருவருடையது, அதனால்தான் சைபீரியா. வழியில் பீம் நெளிந்து போவதால் பாம்பு.

இத்தனை பாடும் எதற்கு என்றால், 1980களின் கடைசியில் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் ஈஎம்சி என்ற குழு அளந்து பார்த்தபோது, புரோட்டானின் ஸ்பின்னில் அதற்குள் இருக்கிற குவார்க்குகளின் பங்கு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தது. இன்றைய கணக்கில் மூன்றில் ஒரு பங்கு போல. மீதி எங்கே என்று தேடத்தான் ரிக்கில் எதிரெதிராக வரும் இரண்டு புரோட்டான் பீமையுமே போலரைஸ் செய்து மோதவிட்டார்கள். குவார்க்குகளை ஒட்டவைக்கிற குளுவான்களுக்கும் பங்கு இருப்பதாகத் தெரிந்தது, கணக்கு இன்னும் முடியவில்லை.

செம்பூர் மாமி: மெஷினை நிறுத்தினாலும் கதிர்வீச்சு இருக்குமாடா?

பீம் நின்ற கையோடு பெரும்பகுதி நின்றுவிடும் மாமி. பீம் பட்ட உலோகத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். கார்கரில் டாடா மெமோரியல்காரர்கள் புற்றுநோய்க்குப் புரோட்டான் சிகிச்சை கொடுக்கிறார்களே, அதுவும் முடுக்கிதான், அங்கே ஸ்பின் எப்படி இருந்தாலும் கவலையில்லை.

மறுபடி டோம்பிவிலி மாணவி: இந்தத் துறைக்கு வர இப்போதே என்ன செய்யட்டும்?

ஜெஸ்ட், கேட், டிஐஎஃப்ஆர் நுழைவுத் தேர்வு எல்லாம் எப்படியும் எழுதுவாய். தில்லியில் ஐயூஏசி என்று ஒன்று, பல்கலைக்கழக மாணவர்களுக்காகவே நடத்துகிற முடுக்கி மையம், நாளைக்கு ஆராய்ச்சியில் சேர்ந்தால் உன் வழிகாட்டி மூலம் அங்கே பீம் டைம் கேட்கலாம். அதற்குள் சால்டரிங் பழகு, சி++ பழகு. அப்புறம் ஒரு கணக்கு: 0.1 சதவீத வித்தியாசத்தை அதே அளவு பிழையோடு பார்க்கவே 10 லட்சம் துகள் எண்ண வேண்டும். புரோட்டான் புரோட்டானோடு மோதும்போது இடவல சமச்சீர் (ஒரு நிகழ்வும் அதன் கண்ணாடி பிம்பமும் ஒரே மாதிரி நடப்பது) உடைவதைத் தேடினவர்களுக்கு வந்த வித்தியாசம் கோடியில் ஒரு பங்கு போல. அதை அதே பிழையோடு பார்க்க எத்தனை எண்ண வேண்டும், நொடிக்கு 10 லட்சம் எண்ணினால் எத்தனை வருடம் ஆகும்? விடை வந்ததும், ஏன் அவர்கள் ஒவ்வொன்றாக எண்ணாமல் டிடெக்டரிலிருந்து வரும் மின்னோட்டத்தை மொத்தமாக அளந்தார்கள் என்று நான் சொல்லாமலே உனக்குப் புரியும். போட்டு அனுப்பு, பார்க்கிறேன்.