ஹெல்மெட்டுக்குள் பாட்டு, ராத்திரி காதில் 'கொய்ங்'

கேள்வி: வயது 29. காரைக்குடியிலிருந்து தினமும் பைக்கில் புதுக்கோட்டைக்கு வேலைக்குப் போகிறேன். வழியெல்லாம் இயர்பட்ஸில் பாட்டு. இரண்டு மாதமாக ராத்திரி படுத்தால் காதில் 'கொய்ங்' என்கிறது. காதைக் கெடுக்காத இயர்பட்ஸ் எது, டாக்டர்?

பதில்: தம்பி, அந்தச் சத்தம் காது களைத்துவிட்டதன் அறிகுறி. பாட்டைவிடக் காற்றுதான் முதல் காரணம். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே ஏறக்குறைய 90 டெசிபல் வந்துவிடும். 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதி நேரம்தான் தாங்கும். அதற்கும் மேலே பாட்டு கேட்க வேண்டுமென்றால் எவ்வளவு வைப்பீர்கள்? நாளைக்குத் திருமயம் தாண்டி வண்டியை ஓரங்கட்டி, வால்யூமைத் தொடாமல் அதே பாட்டைக் கேளுங்கள். காதைப் பிய்க்கும். உள்காதில் ஒலியை உணரும் மயிர்செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது.

காதுக்குள் கச்சிதமாக உட்காரும் ரப்பர் முனை உள்ளதை வாங்குங்கள். வெளி இரைச்சல் குறைவதால் பாதி வால்யூமே போதும். ஆனால் அது பஸ்ஸிலும் வீட்டிலும் கேட்க. வண்டி ஓட்டும்போது பாட்டே வேண்டாம் என்பேன். பின்னால் வரும் லாரியின் ஹாரனை அது மூடிவிடும்.

ஓட்டும்போது ஃபோம் காதடைப்பான் போடுங்கள், விலை சொற்பம். அது காற்றையும் ஹாரனையும் சேர்த்தே குறைப்பதால் காற்றுக்கு மேலே ஹாரன் தனியாகக் கேட்கும். விரலால் மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலே பின்னால் இழுத்து நுழைத்து, அரை நிமிஷம் பிடித்திருங்கள். முதலில் ஊருக்குள் மெதுவாக ஓட்டிப் பழகுங்கள்.

இன்னொன்று. போன மாதம் உங்கள் வயதுப் பையன் ஒருவர் காதடைப்பு என்று வந்தார். இயர்பட்ஸ் தள்ளித் தள்ளிக் குரும்பி செவிப்பறைவரை இறுகியிருந்தது. எடுத்துப் பார்த்தால் வேர்க்கடலை அளவு, ஒரு பக்கம் ரப்பர் அமுக்கிய பள்ளம். அப்பத்தா சொன்னார் என்று எண்ணெய் வேறு காய்ச்சி ஊற்றியிருந்தார். ஹெல்மெட் வியர்வையும் சேர்ந்து உள்ளே பூஞ்சை. அப்பத்தாவின் அக்கறை பெரிது, ஆனால் எண்ணெய் வேண்டாம். பட்ஸ் குச்சியும் வேண்டாம். ரப்பர் முனையைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் போடுங்கள்.

சரி, இரண்டு வாரம் காதுக்கு ஓய்வு கொடுங்கள். அப்புறமும் 'கொய்ங்' நிற்காவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஆடியோகிராம் என்னும் கேட்கும் திறன் பரிசோதனை எடுங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால் அன்றைக்கே போய்விடுங்கள். முதல் சில நாளில் தொடங்கும் ஸ்டீராய்டு சிகிச்சைக்குத்தான் பலன் அதிகம்.