கிம் டீலின் தனி ஆல்பம்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம்.

கிம் டீலின் 'நோபடி லவ்ஸ் யூ மோர்' ஆல்பத்தைக் கட்டாயம் கேளுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். கேட்டேன். ஏமாற்றமாக இருந்தது. கல்லூரி நாட்களில் கிம் டீல் பாடி வாசித்த அமெரிக்க ராக் குழுக்களான பிக்ஸீஸ், பிரீடர்ஸ் கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டவன் நான். அந்தக் கிட்டார் இரைச்சலும், சட்டென்று நின்று மறுபடி வெடிக்கிற டிரம்ஸும்தான் என்னை அவர்களிடம் இழுத்தன. இந்த ஆல்பத்திலோ வயலின் வருகிறது, டிரம்பெட் வருகிறது, கல்யாண வீட்டு பேண்டு மாதிரி ஒரு பாட்டு வருகிறது.

விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். எதைப் படித்தாலும் '63 வயதில் முதல் தனி ஆல்பம்', 'மறைந்த ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியின் கடைசி வேலைகளில் ஒன்று' என்றுதான் ஆரம்பிக்கிறது. பாட்டைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான். இதே பாடல்களை முகம் தெரியாத 25 வயதுப் பெண் பாடியிருந்தால் இவ்வளவு புகழ்ச்சி கிடைத்திருக்குமா? இது கருணை மதிப்பெண் இல்லையா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கி., கோவை

அன்புள்ள கி.,

விமர்சனங்கள் ஆரம்பிக்கிற விதத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. வயது, 'முதல்', அல்பினியின் மரணம் என்று மூன்றையும் வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் பலரும் பாட்டுக்கு வருகிறார்கள். ஆனால் அது எழுதியவர்களின் சோம்பல். அதற்காக ஆல்பத்தின் மதிப்பெண்ணைக் குறைக்க முடியாது. 2024 நவம்பரில் ஃபோர் ஏடி என்ற இசை நிறுவனம் வெளியிட்ட இந்த 11 பாடல்களும் கிம் டீல் தன் வாழ்க்கையில் செய்த மிக நல்ல வேலைகளில் சேரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். புகழ்ந்தவர்கள் சரியாகத்தான் புகழ்ந்தார்கள். சொன்ன காரணம்தான் பொருந்தவில்லை.

முதலில் இந்த 'முதல்' விவகாரம். கிம் டீல் தனியாக ஒன்றைச் செய்யத் தொடங்குவதும் அது ஒரு குழுவாக மாறிவிடுவதும் புதிதல்ல. 90களின் நடுவில் பிரீடர்ஸ் ஓய்ந்திருந்தபோது தனி முயற்சியாக ஆரம்பித்தது 'தி ஆம்ப்ஸ்' என்ற குழுவாகி, 1995-ல் 'பேஸர்' என்ற ஆல்பமாக வந்தது. இந்த ஆல்பத்தில் வாசித்திருப்பவர்களைப் பாருங்கள்: இரட்டைச் சகோதரி கெல்லி டீல், பிரீடர்ஸின் ஜிம் மெக்ஃபர்சன், டீனேஜ் ஃபேன்கிளப் குழுவின் ரேமண்ட் மெகின்லி, முதல் பிரீடர்ஸ் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த பிரிட் வால்ஃபோர்டு. ஒரு சிறிய ஊர்வலமே இருக்கிறது. 'தனி' என்பதற்கு இங்கே ஒரே ஒரு பொருள்தான். எந்தப் பாட்டு இருக்க வேண்டும், அது எப்படி ஒலிக்க வேண்டும் என்று யாரையும் கேட்காமல் அவரே முடிவு செய்தார்.

அது சின்ன விஷயமில்லை. பிக்ஸீஸில் அவருக்கு அந்த உரிமை கிடைக்கவே இல்லை. 1988-ல் வந்த 'சர்ஃபர் ரோசா'வில் 'ஜைகான்டிக்' பாட்டை அவர் குழுவின் முதன்மைப் பாடகர் பிளாக் பிரான்சிஸுடன் சேர்ந்து எழுதினார். நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் பிக்ஸீஸில் தனக்கு மிகப் பிடித்ததாகச் சொன்ன பாட்டு அதுதான், கிம்மை இன்னும் எழுத விட்டிருக்கலாமே என்று அவர் ஆதங்கப்பட்டதும் உண்டு. அடுத்தடுத்த ஆல்பங்களில் கிம்மின் பங்கு குறைந்துகொண்டே போனது. பிரீடர்ஸ் அவர் கையில் இருந்த குழு. 1993-ல் வந்த அதன் 'லாஸ்ட் ஸ்பிளாஷ்' ஆல்பம் அமெரிக்காவில் 10 லட்சத்துக்கு மேல் விற்றது. அப்படிப்பட்டவர் 63 வயதில்தான் கண் விழித்தார் என்கிற மாதிரி எழுதுவது எனக்குக் கோபத்தையே உண்டாக்குகிறது.

இந்த ஆல்பமும் 2024-ல் திடீரென்று முளைத்ததல்ல. 'ஆர் யூ மைன்?', 'விஷ் ஐ வாஸ்' இரண்டும் 2011-ல், பிக்ஸீஸின் நீண்ட சுற்றுப்பயணம் ஒன்று முடிந்த கையோடு எழுதப்பட்டவை. எந்த நிறுவனமும் இல்லாமல் 7 அங்குல இசைத்தட்டுகளாக ஒரு வரிசையை அவரே வெளியிட்டார், இந்த இரண்டும் முதலில் அதில்தான் வந்தன. அவர் பிக்ஸீஸை விட்டு விலகிய 2013-ம் அதே காலம்தான். நடுவில் பிரீடர்ஸின் பழைய அணி திரும்பக் கூடியது, 2018-ல் 'ஆல் நெர்வ்' வந்தது, சுற்றுப்பயணங்கள் போனார்கள். இன்னொரு பக்கம் ஒஹாயோ மாநிலம் டேட்டனில் பெற்றோர் வீட்டில் அவர்களைக் கவனித்துக்கொண்டார். அம்மாவுக்கு அல்சைமர் நோய்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். 'ஆர் யூ மைன்?' பாட்டை நீங்கள் ஒரு பழைய பாணிக் காதல் பாட்டாகக் கேட்டிருப்பீர்கள். எல்லாருக்கும் முதலில் அப்படித்தான் கேட்கும். 1950களில் ஜோடிகள் கைகோத்து மெதுவாக ஆடிய பாடல்களின் நடை, பின்னால் இழையும் வயலின்கள், நீ என்னுடையவனா என்று கேட்கும் பல்லவி. ஆனால் அந்தக் கேள்வி ஒரு காதலியின் கேள்வி அல்ல. வீட்டு நடையில் எதிரே வந்த மகளை நிறுத்தி, அம்மா கேட்டது அது. பெயர் மறந்துவிட்டது, முகம் மறந்துவிட்டது, ஆனால் எதிரில் நிற்பது தன்னைச் சேர்ந்த யாரோ என்கிற உணர்வு மட்டும் போகவில்லை. மகள் அதைத் துக்கப் பாட்டாக்கவில்லை. அம்மாவின் பக்கத்திலிருந்தே பாடுகிறார். எங்கேயும் குரல் தழுதழுக்கவில்லை, ஒரு இடத்தில்கூட 'பாவம்' என்கிற தொனி இல்லை. நினைவு தப்பியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அந்தச் சமநிலை எவ்வளவு கடினம் என்று தெரியும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அதே கேள்வியைக் கேட்டு, நாற்பது தடவையும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லி வருவது அது. 25 வயதுப் பெண் பாடியிருந்தால் என்று கேட்டீர்கள். நன்றாகப் பாடியிருக்கலாம். ஆனால் இந்தப் பாட்டை எழுதியிருக்க முடியுமா என்பதுதான் என் சந்தேகம்.

குரலையும் கவனியுங்கள். 'சர்ஃபர் ரோசா' பதிவின்போது இயல்பான எதிரொலி வேண்டும் என்று ஸ்டூடியோவின் கழிவறையில் கிம்மைப் பாடவைத்துப் பதிவு செய்தார் அல்பினி. 'வேர் இஸ் மை மைண்ட்?' பாட்டில் எங்கோ தூரத்தில் 'ஊ' என்று மிதக்கிறதே, அதுதான் அந்தக் குரல். உங்களுக்கும் எனக்கும் அவரை அறிமுகம் செய்தது அந்தத் தூரம்தான். 'ஆர் யூ மைன்?' பாட்டில் குரல் காதுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது, மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. இரைச்சல் எங்கே போனது என்று கேட்டீர்கள். அது இருந்தால் இந்த மூச்சு கேட்காது.

அல்பினி விஷயத்துக்கு வருகிறேன். 2024 மே 7 அன்று, 61 வயதில், மாரடைப்பில் போய்விட்டார். அந்தத் துயரம் விமர்சனங்களில் கசிந்ததை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அல்பினி எப்படிப்பட்டவர்? தயாரிப்பாளர் என்று தன்னை அழைப்பதையே விரும்பாதவர். பதிவு செய்தவர் என்று போட்டால் போதும் என்றார். செய்த வேலைக்குக் கூலி வாங்கிக்கொண்டு, விற்பனையில் பங்கு வேண்டாம் என்று மறுத்தவர், நிர்வாணா அழைத்தபோதும் அதே நிபந்தனைதான். இசைக்குழு வாசிப்பதை அப்படியே பிடித்துத் தருவது மட்டும்தான் தன் வேலை என்பதில் பிடிவாதமாக இருந்தார். 1990-ல் வந்த பிரீடர்ஸின் 'பாட்' அவர் பதிவு செய்ததுதான். கிம்முடனான அந்த உறவு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. இந்த ஆல்பத்தின் பல பதிவுகளைச் செய்தவரும் அவர், ஆனால் இவை அவருக்காக எழுதப்பட்ட அஞ்சலிப் பாடல்கள் அல்ல. அவர் உயிரோடு, ஸ்டூடியோவில் எதிரே உட்கார்ந்து வேலை பார்த்தபோது உருவானவை. கடைசிப் பாட்டான 'எ குட் டைம் புஷ்ட்' அவர்கள் சேர்ந்து செய்த கடைசிப் பதிவாகிவிட்டது. அதை இரங்கற்பாவாகக் கேட்பவர்கள் அதிலுள்ள குதூகலத்தைத் தவறவிடுகிறார்கள்.

நீங்கள் கல்யாண வீட்டு பேண்டு என்று சொன்ன பாட்டு 'கோஸ்ட்'தானே? உங்கள் காது துல்லியமானது. கல்யாணம் ஒன்றில் ஒரு பேண்டு 'மார்கரிட்டாவில்' பாட்டைத் தட்டுத்தடுமாறி வாசித்ததைக் கேட்டதிலிருந்துதான் அது பிறந்தது. அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில் கடலில் அலைச்சறுக்கு ஆடும் இளைஞர்களைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நாட்களும் அதில் கலந்திருக்கின்றன. பித்தளை வாத்தியங்கள் கொஞ்சம் தளர்ந்து, நெளிந்துதான் வரும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார். வாழ்க்கை சரிந்துகிடக்கும்போது பக்கத்தில் நடக்கிற கொண்டாட்டத்தைப் பார்க்கிறவரின் பாட்டு அது.

ஆல்பத்தின் அட்டையிலும் இதே எண்ணம்தான். கடல் நடுவே ஒரு சின்ன மேடையில் கிம், பக்கத்தில் ஒரு பூநாரை. பாஸ் யான் ஆடர் என்ற டச்சுக் கலைஞரை நினைத்து அமைத்த படம் இது. 1975-ல் அவர் நாலு மீட்டர்கூட இல்லாத படகில் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பினார். அதையும் தன் கலைப்படைப்பின் பகுதியாகவே நினைத்தார். மறு ஆண்டு அயர்லாந்து அருகே படகு மட்டும் கிடைத்தது. தோற்பது உறுதி என்று தெரிந்தும் ஒன்றில் முழுதாக இறங்குகிற மனிதர்கள் மேல் கிம் டீலுக்கு இருக்கும் பிரியத்தை மனதில் வைத்துக்கொண்டு 'கோஸ்ட்' பாட்டை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். 'பிக் பென் பீட்' என்னைப் பெரிதாக அசைக்கவில்லை, தாளத்தைப் பிடித்த அளவுக்கு மெட்டைப் பிடிக்கவில்லை என்று படுகிறது. 'கிரிஸ்டல் பிரெத்' கொஞ்சம் பரவாயில்லை. உங்கள் பிரீடர்ஸ் தாகத்துக்கு 'டிஸ்ஒபீடியன்ஸ்' இருக்கிறது. நீங்கள் தேடுகிற அதே கிட்டார், அதே துள்ளல்.

இன்னொன்று. 2024-ல் இளம் பாப் பாடகி ஒலிவியா ரோட்ரிகோ தன் நிகழ்ச்சிகள் சிலவற்றில் பிரீடர்ஸை முன்னதாக வாசிக்க அழைத்தார், நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் உட்பட. பிரீடர்ஸின் 'கேனன்பால்' பாட்டைக் கேட்பதற்கு முன், கேட்ட பின் என்று தன் வாழ்க்கை இரண்டாகப் பிரிந்தது என்று மேடையிலேயே சொன்னார். அங்கே வந்திருந்த பதின்வயதுப் பெண்களில் பலருக்கு பிக்ஸீஸும் தெரியாது, அல்பினியும் தெரியாது. அவர்களில் சிலர் அதே வருடக் கடைசியில் இந்த ஆல்பத்துக்கு வந்திருப்பார்கள். அவர்களுக்கு இது யாருடைய கடைசியும் அல்ல, தாமதமும் அல்ல. அந்தக் காதோடு கேட்க நம்மைப் போன்ற பழைய ரசிகர்களுக்குத்தான் சிரமமாக இருக்கிறது.

ஒரு வேலை செய்யுங்கள். 'ஆர் யூ மைன்?' பாட்டின் பழைய 7 அங்குலப் பதிவைத் தேடிப் பிடித்து முதலில் கேளுங்கள், அப்புறம் ஆல்பத்தில் இருப்பதைக் கேளுங்கள். அம்மா இருந்தபோது வெளியிட்ட பாட்டையே அவர் போன பிறகு திரும்ப எடுத்து, வயலின் சேர்த்து வெளியிட்டிருக்கிறார். அந்த வயலின் தேவைதானா என்று அதற்கப்புறம் எழுதுங்கள். தேவையில்லை என்று உங்களுக்குப் பட்டால் அதற்கான காரணத்தைக் கேட்க எனக்கு உண்மையிலேயே ஆசை.

அன்புடன்.