ஜீப்பில் இருந்தபடி இந்திய வீரர் அப்துல் ஹமீது பாகிஸ்தானின் ‘பாட்டன்’ ரக டாங்கிகளை அழித்தது எப்படிச் சாத்தியம்?

1965 செப்டம்பர், இந்திய-பாகிஸ்தான் போர், பஞ்சாபின் கேம்கரன் பகுதி. 4ஆம் கிரெனேடியர்ஸ் காலாட்படைப் பிரிவின் ஹவில்தாரான அவரிடம் இருந்தது 106 மி.மீ. பின்னுதைப்பற்ற பீரங்கி. சுடும்போது வாயுவின் ஒரு பகுதி பின்பக்கம் வெளியேறிவிடும். உதைப்பு இல்லாததால் ஜீப்பே தாங்கும். அதன் குண்டு வேகத்தை நம்பாமல், வெடித்து உருவாகும் உலோகத் தாரையால் கவசத்தைத் துளைக்கும்.

சிக்கலும் அந்தப் பின்வீச்சுதான். தீயும் புழுதியும் கிளம்பி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஜீப்புக்குக் கவசமே கிடையாது. ஆகவே பயிருக்குள் மறைந்து, டாங்கியை அருகே வரவிட்டு, சுட்டவுடன் இடம் மாற வேண்டும். நீர் பாய்ச்சிய வயல்களில் பாட்டன்கள் சிக்கியதும் உதவியது.

செப்டம்பர் 10 அன்று மீண்டும் டாங்கிகளைத் தாக்கியபோது, எதிரிக் குண்டுக்கு இரையானார். மறைவுக்குப் பின் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. அழித்த டாங்கிகளின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறும்.